மன்னார் வளைகுடாவின் பவளக் குடிகள்

இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே, 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றியுள்ள ஆழமற்ற நீரில், சமுத்திரம் தெளிந்திருக்கும் வேளையில் மூழ்குகின்றவர், வெறும் பாறையென்று எண்ணியது பவளங்கள் என்னும் கோடானுகோடி நுண்ணிய ஜீவன்கள் சுண்ணாம்பினால் எழுப்பிய மாளிகையே என்பதைக் கண்ணாரக் காண்பார். இதை ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காக வெட்டியெடுத்தார்களே என்று நினைக்கும்போது நெஞ்சு பதைக்கிறது!

இம்மாளிகையில் குடியிருக்கும் கடற்சாமந்தி என்னும் பிராணியின் விஷ உணர்கொம்புகளுக்கிடையே கோமாளி மீன் அச்சமின்றி உலவுவதற்கு அதன் மேனியைப் போர்த்திய வழுவழுப்பான படலம் துணைசெய்கிறது. ஒரு கடற்சாமந்தியில் சேர்ந்து வாழும் கோமாளி மீன்களின் சிறு கூட்டத்தில் எல்லாவற்றிலும் பெரியதாகிய பெண் மீன் மாண்டுபோனால், அதன் ஜோடியாயிருந்த ஆண் மீனே பெண்ணாக மாறி அந்த ஸ்தானத்தை ஏற்கும் விசித்திரத்தை என்னென்பது!

ஆயினும் என் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது கிளிமீன்தான். பற்கள் ஒன்றோடொன்று இணைந்து கிளியின் அலகாகவே ஆகிவிட்ட அந்தப் பிராணி, பாறைமேற் படர்ந்த பாசியைச் சுரண்டித் தின்னும் நறநறவென்ற ஓசை, மூழ்கியிருப்பவரின் செவிக்குத் தெளிவாக எட்டும். பாசியோடு விழுங்கிய சுண்ணாம்பு அதன் தொண்டையில் அரைபட்டு, வெண்மணலாக வெளியேறுகிறது. பாசி நீங்கிய அவ்விடத்திலேதான் இளம் பவளங்கள் வந்து ஒட்டிக்கொண்டு வளர்கின்றன.