உணவும் உண்கலமும்: ஓர் இரசாயன நோக்கு

மட்டக்களப்பின் வடபால், வாகரைப் பிரதேசத்தின் வாவிக்கரையில் அமைந்த பனிச்சங்கேணி, பனிச்சை மரத்தை நினைவூட்டும் பெயருடையது. அம்மரத்தின் காய்ச்சாற்றில் வலைகளைத் தோய்த்து, நூல் உக்காது காத்தல் மீனவர் மரபு. ஒரு பொருளின் சத்து இன்னொன்றினுட் புகும் என்பதை உழைக்கும் மக்கள் ஆய்வுகூடமின்றியே அறிந்திருந்தனர். அத்தகைய இடப்பெயர்வு அவர்தம் சோற்றுப் பார்சலிலும் நிகழக்கூடியது என்பதை அறிவார் சிலரே.

ரெஜிபோம் பெட்டி பொலிஸ்ரைரீன் என்னும் பல்பகுதியத்தால் ஆனது. அதில் இணையாது எஞ்சிய ஸ்ரைரீன் சிறிதளவு தங்கிவிடும். அது நீரிற் கரைவது அரிது. கொழுப்பில் எளிதிற் கரையும். எனவே சூடும், எண்ணெய்ப்பசையும், தொடுகைநேரமும் கூடுமளவுக்கு உணவினுட் செல்லும் அளவும் கூடும். தேங்காய்ப்பாலிற் சமைத்த மீன்கறியைச் சுடச்சுட இட்டு, நண்பகல்வரை மூடிவைக்குமிடத்து இம்மூன்றும் ஒருங்கே அமைகின்றன. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2018இல் ஸ்ரைரீனை, மனிதரிற் புற்றுநோயை விளைவிக்கும் வாய்ப்பு மிகுந்த பொருள்களின் பிரிவிற் சேர்த்தது. எனினும் அம்முடிவு விலங்காய்வுகளையும், தொழிற்சாலைகளில் அதனை மிகுதியாகச் சுவாசித்த தொழிலாளர் பற்றிய ஆய்வுகளையுமே பெரிதும் சார்ந்தது. உணவுவழிச் சேரும் அளவு அதனிலும் மிகக் குறைவு. ஆதலின் வேண்டப்படுவது அச்சமன்று, அளவறிதலே.

2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவ்வாண்டு செப்டெம்பரில் ரெஜிபோம் உண்கலங்களும் பொலித்தீன் லஞ்ச் சீற்றும் தடைசெய்யப்பட்டன. 2023 ஒக்டோபரில் பிளாஸ்ரிக் தட்டு, கரண்டி, இடியப்பத் தட்டு முதலியனவும் தடைக்குள்ளாயின. இத்தடைகளின் நோக்கம் பெரிதும் கழிவைக் குறைத்தலே. உண்பவரின் உடல்நலம் பற்றிய வினா அவற்றால் தீர்ந்துவிடவில்லை. எண்ணெய் ஊறாதிருக்கக் கடதாசிக் கலங்கள் சிலவற்றிற் சேர்க்கப்படும் புளோரீன் சேர்வைகள் எளிதில் அழியாதவை. அமெரிக்காவில் உணவுப் பொதிகளுக்கான அவற்றின் விற்பனை முடிவுற்றதாக 2024இல் அறிவிக்கப்பட்டது. ‘மூங்கில்’ எனப்படும் கோப்பைகள் சிலவற்றில் மெலமைன் பிசின் உண்டு. சூடான பானம் அதிலிருந்து போமல்டிகைட்டை வெளிக்கொணரும். இயற்கைப் பெயர் பாதுகாப்புக்குச் சான்றாகாது.

ஐரோப்பிய ஒன்றியம், பிளாஸ்ரிக் கலத்தின் ஒரு சதுர டெசிமீற்றரிலிருந்து உணவுக்குச் செல்லக்கூடிய மொத்தப் பொருளை 10 மில்லிகிராமுக்கு மேற்படாது வரையறுத்துள்ளது. நமது ஆய்வுகூடங்களும் மாற்றுக் கலங்களை நம் உணவைக் கொண்டே, சூடான தேங்காய்ப்பாற் கறியோடு, சோதித்தல் வேண்டும். வாழையிலையும் தாமரையிலையும் பனையோலைக் கலமும் நமக்குப் புதியனவல்ல. ஆயின் அவற்றை இழைக்கும் கைகளுக்கு நியாயமான கூலி கிட்டினாலன்றி அவை சந்தைக்கு மீளா. சோதனைச் செலவையும் தண்டத்தையும் பார்சல் விற்கும் பெண்ணின் தலையிற் சுமத்தி, கலத்தை உற்பத்திசெய்வோரை விட்டுவிடுதல் நீதியாகாது.