சூடான மூசையின் எடை

மாணவர்களே,

ஒரு பொருளின் எடை காலையில் ஒன்றாகவும் மாலையில் வேறொன்றாகவும் இருக்குமோ? இராது என்றே நானும் ஐயமின்றிக் கற்பித்து வந்தேன். அந்த உறுதியால் ஒரு மாணவனுக்குத் தவறிழைத்தேன்.

நான் இளம் ஆசிரியனாயிருந்த காலம். ஒரு மாணவன், சுடரில் காய்ச்சிய வெறும் பீங்கான் மூசையை, முற்றும் ஆறுமுன் இரசாயனத் தராசில் இட்டு எடை பார்த்தான். அரைமணி கழித்து மீண்டும் பார்த்தபோது 8 மில்லிகிராம் கூடியிருந்தது. "வெறும் மூசை வளருமா? இரண்டாவது எண்ணை அடித்துவிடு" என்று கடிந்தேன். "ஐயா, பார்த்ததைத்தான் எழுதினேன்" என்றான், ஆயினும் அடித்தான்.

மறுநாள் நானே அச்சோதனையைச் செய்தேன். அவன் கண்டதையே கண்டேன்!

காரணம் யாது? சூடான மூசையைச் சுற்றியுள்ள காற்று வெப்பமுற்று மேலெழுகின்றது. அவ்வோட்டம் தட்டையும் சற்றே மேலே தூக்குகின்றது. மூசையின் உள்ளேயிருக்கும் காற்றும் விரிந்து இலேசாகின்றது. சாதாரண உஷ்ணநிலையில் ஒரு லிட்டர் காற்றே ஏறத்தாழ 1.2 கிராம் எடையுள்ளது என்பதை மறவாதீர்கள். அன்றியும், ஆறும்போது மூசையின் பரப்பில் காற்றின் ஈரம் படிகின்றது. ஆகவே சூடான பொருள் எடை குறைந்தும், குளிர்ந்த பொருள் எடை மிகுந்தும் காட்டும்.

தராசும் இதற்கு விலக்கன்று. பித்தளைத் துலாவின் ஒரு கைமீது வெயில் பட்டு, மற்றதைவிட ஒரு டிகிரி சூடேறினால், 50 கிராம் எடையில் ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் பிழை நேரும்.

இவ்வளவு சிறு வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டுமோ என்பீர்கள். இங்கிலாந்தில் ராலே பிரபு நைட்ரஜனை நிறுத்த வரலாற்றைக் கேளுங்கள். ஒரே கண்ணாடிக் கோளத்தில், காற்றிலிருந்து பெற்ற நைட்ரஜன் 2.310 கிராமும், சேர்மங்களிலிருந்து பெற்றது 2.299 கிராமும் இருந்தன. வேறுபாடு 11 மில்லிகிராமே. வாயுவை நிரப்பும்போது கோளத்தைப் பனிக்கட்டியில் புதைத்து வைத்தார். மறுதட்டில் அதே பருமனுள்ள வேறொரு கோளத்தைத் தொங்கவிட்டார். வெளிக்காற்றின் மாறுதல் இரண்டையும் ஒப்பத் தாக்குமன்றோ? இவ்வாறு உஷ்ணநிலையால் வரும் பிழையை நீக்கிய பின்னரும் அவ்வேறுபாடு நின்றது. அதனை அவர் அடித்துவிடவில்லை. ராம்சேயுடன் ஆராய்ந்து, 1894-இல் ஆர்கான் என்னும் புதுவாயுவை உலகிற்கு அறிவித்தார்.

ஆதலின், காய்ச்சிய பொருளை ஈரமுறிஞ்சும் கலத்தில் வைத்து, அறையின் உஷ்ணநிலைக்கு வந்தபின் நிறுங்கள். இன்றைய மின்னணுத் தராசுக்கும் இவ்விதி பொருந்தும். அதனையும் வெயிலும் விசிறிக் காற்றும் படாத இடத்தில் வையுங்கள்.

அம்மாணவனை வகுப்பின் முன் அழைத்து, என் பிழையைச் சொல்லி, அடித்த எண்ணை அவன் கையாலேயே மீண்டும் எழுதச் செய்தேன். உங்கள் குறிப்பேட்டிலும் எண் முரண்பட்டால், காரணத்தைத் தேடுங்கள், எண்ணை அழிக்காதீர்கள்.