எண்சாண் உடம்பும் 36-24-36 அங்குலமும்

‘எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்’ என்பது நம் பழமொழி. இதைச் சொல்லும்போது எல்லோரும் சிரசைப் பிடித்துக் கொள்கிறோம், எண்சாணை விட்டுவிடுகிறோம். யாருடைய சாண்? கடைக்காரன் சாணா, அரசன் சாணா? அவரவர் கைக்கு அவரவர் உடம்பு எட்டுச் சாண். நெட்டையனுக்கும் எட்டு, குட்டையனுக்கும் ஏறக்குறைய எட்டு. உடம்பை அதன் கையாலேயே அளந்தால் யாரும் குறைந்து போவதில்லை. இதுதான் அந்தப் பழமொழிக்குள் ஒளிந்திருக்கும் கணக்கு.

எனக்குத் தொழில் துணி வியாபாரம். பெங்களூரு சிக்பேட்டையில் நாற்பது ஆண்டுக்கு மேலாக இஞ்ச் டேப்போடு பழகியவன். கல்லூரி வாசல் மிதித்ததில்லை. தமிழ்ச் சமணக் குடும்பத்தில் பிறந்ததால் வீட்டில் இருந்த பழைய நூல்களைப் பெரியவர்களிடம் கேட்டும் தானாகவும் கற்றேன். அந்தத் துணிச்சலில்தான், அழகு என்றால் என்ன, அதற்கு அளவு யார் வைத்தது, அந்த அளவு நம் வீட்டுப் பிள்ளைகளை என்ன செய்கிறது என்பதை இம்மலரில் எழுத முற்படுகிறேன்.

சிற்பி வைத்த அளவு

நம் நாட்டில் உடம்புக்கு அளவு இல்லாமல் இல்லை. சிற்ப நூல்களில் ‘தாலம்’ என்ற கணக்கு உண்டு. ஒரு தாலம் என்பது அந்தச் சிலையின் முக நீளம். தலைமைத் தெய்வங்களுக்கு உத்தம தச தாலம், அதாவது பத்து முகம். அதை 124 பங்காகப் பிரிப்பார்கள். ஆனால் எல்லா வடிவத்துக்கும் பத்துத் தாலம் என்று விதிக்கவில்லை. பிள்ளையாருக்கு ஐந்து தாலம். குட்டைக் கால், பானை வயிறு, அதுவே அவருக்குச் சரியான அளவு. ‘பிள்ளையார் கொஞ்சம் இளைத்தால் நன்றாயிருப்பார்’ என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறோமா?

இங்கே இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, சிலையை அளக்கும் கோல் அந்தச் சிலையிலிருந்தே எடுக்கப்பட்டது. இரண்டு, அந்தக் கணக்கு கல்லுக்கும் செம்புக்கும் வைத்தது, மனிதருக்கு வைத்ததல்ல. சிரவணபெளகொளாவில் கங்க மன்னர் இராசமல்லரின் அமைச்சர் சாவுண்டராயர் 981ஆம் ஆண்டையொட்டி எழுப்பிய கோமடேசுவரர், ஏறக்குறைய 57 அடி உயரம். அந்த வடிவழகைக் காண உலகமே வருகிறது. அதே வளாகத்தில் குள்ளகாயஜ்ஜி என்ற கிழவியின் சிலையும் நிற்கிறது. அமைச்சரின் குடங்குடமான பாலில் நிறைவு பெறாத அபிஷேகம், அந்தக் கூனிய கிழவி சிறு காய்க்குடுவையில் கொண்டுவந்த பாலால் நிறைவுற்றது என்பது ஐதீகம். பேரழகுக்கு முன்னால் கிழவிக்கும் இடம் கொடுத்தவர்கள் நம் முன்னோர்.

மாமையும் பசலையும்

நிறத்துக்கு வருவோம். சங்க அகப்பாடல்களில் தலைவியின் அழகுக்குப் பெயர் ‘மாமை’. மாந்தளிர் போன்ற மினுமினுப்பான கருமை கலந்த நிறம் அது. தலைவன் பிரிந்தால் அவள் மேனியில் படர்வது ‘பசலை’. மேனி வெளிறிப் பொன்னிறமாவதைத்தான் பசலை என்றார்கள். ஆக, அன்று நிறம் வெளுப்பது நோய், பழைய நிறம் திரும்புவது நலம். இன்று வெளுப்பதற்குக் காசு கொடுக்கிறோம்!

எல்லாப் பழியும் வெளிநாட்டான் மேல் போட்டுவிட முடியாது. பிற்காலப் புலவர்கள் பொன்மேனி என்றும், மின்னலிடை, நூலிடை என்றும் பாடித் தள்ளினார்கள். எங்கள் துறவியான திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணியிலும் பெண்ணழகு வருணனைக்குப் பஞ்சமில்லை. ஆனால் கேட்டவர்களுக்கு அது உயர்வு நவிற்சி அணி என்று தெரியும். நூல் மாதிரி இடுப்பு வேண்டுமென்று எந்தப் பெண்ணும் பட்டினி கிடக்கவில்லை. பாட்டில் இருந்த மிகையை டேப்பில் ஏற்றியது நம் காலம்.

1996 நவம்பர்

அந்த டேப் நம் ஊருக்கே வந்தது. 1994இல் சுஷ்மிதா சென் பிரபஞ்ச அழகியாகவும், ஐஸ்வர்யா ராய் உலக அழகியாகவும் முடிசூடினார்கள். 1996 நவம்பர் 23 அன்று உலக அழகிப் போட்டி பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியத்தில் நடந்தது. அமிதாப் பச்சனின் ஏ.பி.சி.எல். நிறுவனம் நடத்தியது. மாதர் அமைப்புகள், விவசாயிகள் சங்கம், இடதுசாரிகள், பா.ஜ.க.வினர் என்று ஒருவருக்கொருவர் ஒத்துப்போகாதவர்களெல்லாம் இதை எதிர்த்து நின்றார்கள். மதுரையில் ஓர் இளைஞர் எதிர்ப்புத் தெரிவித்துத் தீக்குளித்து உயிர்விட்டார். நீச்சலுடைச் சுற்று மட்டும் செஷல்ஸ் தீவுக்கு மாற்றப்பட்டது. கடைசியில் கிரேக்க நாட்டு ஐரீன் ஸ்கிலீவா வென்றார்.

அன்று நடந்த வாதமெல்லாம் பெரும்பாலும் பண்பாடு பற்றியும், பன்னாட்டுக் கம்பெனி பற்றியும், உடை குறைவு பற்றியுமே இருந்தது. அளவைப் பற்றி யார் பேசினார்கள்? நீச்சலுடை கப்பலேறிப் போயிற்று. அளவு இங்கேயே தங்கிவிட்டது. அந்தப் போட்டிக்காரர்களே 2015 முதல் நீச்சலுடைச் சுற்றை விட்டுவிட்டார்கள். 2024இல் மும்பையிலும் 2025இல் ஐதராபாத்திலும் அதே போட்டி நடந்தபோது 1996 போன்ற கொந்தளிப்பு இல்லை. நமக்குப் பழகிப்போய்விட்டது.

கடைப் பொம்மையின் ரகசியம்

என் தொழிலில் கண்டதைச் சொல்கிறேன். புடவை எந்த உடம்புக்கும் வளைந்து கொடுக்கும். ஐந்தரை மீட்டர் துணி ஒல்லிக்கும் சரி, பெருத்தவருக்கும் சரி. ரவிக்கையோ, தையற்காரர் அளவெடுத்துத் தைத்தது. துணிதான் உடம்பைத் தேடி வந்தது. ரெடிமேட் வந்த பிறகு உடம்பு துணியைத் தேடிப் போக வேண்டியதாயிற்று. எஸ், எம், எல், எக்ஸ்எல் என்று எழுத்து ஒட்டியிருக்கும். ‘எல்’ போட்டால் சரியாக இருக்கும் என்றால் சில பெண்களுக்கு முகம் சுருங்கிவிடும். ‘எம்’மே குடுங்க, இளைச்சுக்கறேன் என்பார்கள். துணிக்காக உடம்பு இளைப்பது என்ன நியாயம் ஐயா?

அந்த எழுத்து ஒரு சாத்திரமும் அல்ல. ஒரு கம்பெனியின் ‘எல்’ இன்னொரு கம்பெனிக்கு ‘எம்’. இந்தியாவில் வெகுகாலம் அமெரிக்க, ஐரோப்பிய அளவுப் பட்டியலை ஒட்டியே வெட்டினார்கள். இந்திய உடம்புக்கென்று பட்டியல் போட நிஃப்ட் நிறுவனம் ‘இந்தியா சைஸ்’ என்ற திட்டத்தை 2018இல் அறிவித்தது. ஆறு நகரங்களில், 15 முதல் 65 வயது வரையுள்ள 25,000 பேரை முப்பரிமாணக் கருவியால் அளப்பது திட்டம். பெங்களூருவும் அந்த ஆறில் ஒன்று. நம் உடம்பை யாரும் அளந்தே பார்க்காமல் வெட்டிய சட்டைக்குள் நாம் நுழையவில்லை என்று இத்தனை காலம் வெட்கப்பட்டிருக்கிறோம்.

இன்னொன்று. கடை வாசலில் நிற்கும் பொம்மைக்குச் சட்டை அத்தனை கச்சிதமாக இருக்கிறதே என்று வியக்கிறீர்களா? பின்பக்கம் போய்ப் பாருங்கள். அதிகத் துணியை மடித்து குண்டூசியோ கிளிப்போ குத்தியிருக்கும். பொம்மைக்கே அந்தச் சட்டை பொருந்தவில்லை! இன்று செல்போன் காமிராவில் தானாகவே முகத்தை வழுவழுப்பாக்கும் வசதியும் இந்தக் கிளிப் வேலைதான். 2017 முதல் பிரான்சிலும், 2022 முதல் நார்வேயிலும் விளம்பரப் படத்தில் உடம்பைத் திருத்தினால் அதைக் குறிப்பிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. கிளிப் இருப்பதைச் சொல்லிவிடு என்கிறது சட்டம்.

பூச்சும் கத்தியும்

1975இல் இந்துஸ்தான் லீவர் ‘ஃபேர் அண்ட் லவ்லி’யைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கறுத்த பெண்ணுக்கு வேலையும் வரனும் கிடைக்காது, பூசினால் கிடைக்கும் என்று விளம்பரம் பல்லாண்டு ஓடியது. 2009இல் சென்னையில் ‘விமன் ஆஃப் வொர்த்’ என்ற அமைப்பு ‘கறுப்பும் அழகே’ என்னும் பொருளில் இயக்கம் தொடங்கியது. பின்னர் நடிகை நந்திதா தாஸ் அதில் சேர்ந்தார். 2014இல் விளம்பரத் தர மன்றம், கறுப்பு நிறத்தாரைத் தாழ்வாகக் காட்டக் கூடாதென்று நெறிமுறை வகுத்தது. 2020இல் அந்தக் களிம்பின் பெயரே ‘க்ளோ அண்ட் லவ்லி’ என்று மாறிற்று. பெயர் மாறியது நல்லதே. நம் மணமகள் தேவை விளம்பரத்தில் ‘சிவந்த நிறம்’ இன்னும் மாறவில்லை.

பெயர் தெரியாத களிம்புகளில் ஆபத்து அதிகம். தோலில் நிறம் தரும் மெலனின் உண்டாவதைப் பாதரசம் தடுக்கும். அதனால் நிறம் வெளுக்கும். கூடவே உடலுக்குள் இறங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2023இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இத்தகைய களிம்பு பூசியவர்களுக்குச் சிறுநீரக நோய் வந்ததை மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். முகம் வெளுக்கப் பூசினால் சிறுநீரகம் போகிறது.

கத்தியும் சும்மா இருக்கவில்லை. 2022 மே மாதம் இதே பெங்களூருவில், கன்னடத் தொலைக்காட்சி நடிகை சேதனா ராஜ், கொழுப்பு நீக்கும் சிகிச்சைக்குப் போன இடத்தில் உயிரிழந்தார். வயது 21. பெற்றோருக்குச் சொல்லாமல் போயிருக்கிறார். திரையில் நாம் பார்த்து மெச்சுகிறவர்களுக்கே அவர்கள் உடம்பு போதவில்லை என்றால், அதைப் பார்த்து ஏங்கும் பிள்ளைகளுக்கு எப்படிப் போதும்?

ஏக்கம் எங்கிருந்து வருகிறது என்பதற்குப் பிஜித் தீவில் ஒரு சான்று உண்டு. அங்கே பருத்த உடம்பே மதிப்பு. 1995இல் நாட்ரோகா பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது. ஹார்வர்டைச் சேர்ந்த ஆன் பெக்கர் குழுவினர் அப்போதும், மூன்றாண்டு கழித்து 1998இலும் பள்ளிப் பெண்களை ஆராய்ந்தார்கள். உணவுப் பழக்கத்தில் கோளாறு காட்டியவர்கள் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 சதவீதம் ஆனார்கள். இளைப்பதற்காகத் தாமே வாந்தி எடுத்தவர்கள் முன்பு ஒருவருமில்லை, பிறகு 11.3 சதவீதம். உடம்பு மாறவில்லை, பக்கத்தில் வைத்துப் பார்க்கும் படம் மாறியது.

நூல்கள் சொல்வது

சமந்தபத்திரரின் ரத்னகரண்டக சிராவகாசாரமும், அதைத் தழுவிய தமிழ் அருங்கலச்செப்பும் எண்வகைச் செருக்கை விலக்கச் சொல்கின்றன. அறிவு, பெருமை, குலம், சாதி, வலிமை, செல்வம், தவம் என்பவற்றோடு எட்டாவது உடம்பு. பேரழகரான சனத்குமாரச் சக்கரவர்த்தியைக் காண இரு தேவர்கள் வந்த கதை எங்களிடம் உண்டு. முதலில் வியந்தவர்கள், அவர் அலங்கரித்து அரியணையில் அமர்ந்தபோது ‘அழகு குறைந்துவிட்டதே’ என்றார்களாம். சபையார் மறுக்கவே, நிறைகுடத்தில் ஒரு துளி நீரை யாரும் காணாமல் எடுத்துவிட்டு, குறைந்தது தெரிகிறதா என்றார்கள். யாருக்கும் தெரியவில்லை. உடம்பழகும் அப்படித்தான் நொடிக்கு நொடி வடிகிறது. அரசர் துறவு பூண்டார்.

இது செருக்குக்கு மருந்து. ஆனால் இன்று பிள்ளைகளுக்கு இருக்கும் நோய் செருக்கல்ல, வெறுப்பு. தன்னுடம்பை ஏற்கெனவே அருவருக்கும் பெண்ணிடம் ‘உடம்பு அழுக்குப் பை’ என்று உபதேசித்தால் அது எரிகிற நெருப்பில் எண்ணெய். அவளுக்குரிய மருந்தும் அதே நூலில் இருக்கிறது. நற்காட்சியின் எட்டு அங்கங்களில் மூன்றாவது, ‘நிர்விசிகித்சை’. உடம்பு இயல்பில் தூய்மையற்றது. ஆனால் மும்மணியால் புனிதமாவது. ஆகையால் அதைக் கண்டு அருவருக்காதே என்பது அதன் கருத்து. துறவியின் நோயுற்ற உடம்பையே அருவருக்காதே என்றால், கண்ணாடியில் தெரியும் நம் உடம்பை மட்டும் அருவருக்கலாமா? செருக்கும் வெறுப்பும் ஒரே தராசின் இரு தட்டுகள். இரண்டும் ‘உடம்பே நான்’ என்று எண்ணுவதால் வருபவை.

என் பேத்தி பி.யு.சி. படிக்கிறாள். ஒருநாள் கேட்டாள்: “தாத்தா, பாட்டி உபவாசம் இருந்தா எல்லாரும் கால்ல விழறீங்க. நான் சாப்பாட்டைக் குறைச்சா மட்டும் ஏன் திட்டறீங்க?” நியாயமான கேள்வி. நான் சொன்ன பதில் இது. உபவாசத்துக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. அஷ்டமியில் இருந்தால் நவமியில் பாரணை. சொல்லிவிட்டு இருப்பது, மனம் அமைதியாக இருக்கும், முடிந்ததும் மகிழ்ச்சியாக உண்பார்கள். கண்ணாடிக்காகக் கிடக்கும் பட்டினிக்கு முடிவே இல்லை. ஒளித்துச் செய்வது, எடை குறைந்த பிறகும் பயம் போகாதது, உண்டதை வாந்தி எடுப்பது, மாதவிலக்கு நிற்பது, முடி கொட்டுவது, மயங்கி விழுவது, இவையெல்லாம் விரதமல்ல, நோய். பெரியவர்கள் இரண்டையும் பிரித்தறிய வேண்டும். விரதம் என்ற பெயரில் பட்டினி மறைந்து நிற்கவும் கூடும்.

செய்யக் கூடியவை

உடம்பை ஏற்றுக்கொள் என்றால் கவனிக்காதே என்று பொருளல்ல. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் நம்மவரிடையே மிகுதி. நடப்பதும், அளவறிந்து உண்பதும் தேவை. அதற்கு அளவுகோல் மருத்துவரிடம் இருக்கிறது, விளம்பரத்தில் இல்லை.

வீட்டில் மூன்றே காரியம் செய்யலாம். விருந்தாளி வந்ததும் ‘என்னடி கறுத்துட்டே, பெருத்துட்டே’ என்று வரவேற்பதை நிறுத்தலாம். நம் சங்கத்து வரன் படிவத்தில் ‘நிறம்’ என்ற கட்டம் இருந்தால் எடுத்துவிடலாம். பிள்ளை சாப்பாட்டைக் கண்டு பயந்தால் அதட்டாமல் மருத்துவரிடம் அழைத்துப் போகலாம். ஓசூர் ரோடு நிம்ஹான்ஸ் நம் ஊரிலேயே இருக்கிறது. 2022 முதல் ‘டெலி மானஸ்’ என்ற அரசின் இலவசத் தொலைபேசிச் சேவை 14416 என்ற எண்ணில் உண்டு; தமிழிலும் பேசலாம்.

வியாபாரி என்ற முறையில் ஒன்று சொல்லி முடிக்கிறேன். சட்டை பொருந்தவில்லை என்றால் வேறு சட்டை எடுங்கள். மாற்றித் தருவது எங்கள் வேலை. உடம்பை மாற்றித் தரும் கடை எங்கும் இல்லை.