பயந்த பூனைக்கு ஓர் அறை

சோறு வைத்தால் வரும். கை நீட்டினால் ஓடும். மாடிப்படிக்கு அடியிலும் கார் நிறுத்துமிடத்திலும் வாழும் இப்படியொரு பூனையை அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் நன்றாக அறிவார்கள். வண்டிச் சக்கரம், தெருநாய், அடைமழை எல்லாவற்றுக்கும் தப்பித்தாக வேண்டிய உயிர் அது. மனம் கேட்காமல் வீட்டுக்குள் தூக்கி வருகிறோம். வந்ததும் அது பீரோவுக்குப் பின்னால் போய் ஒடுங்குகிறது, இரவெல்லாம் கத்துகிறது. ‘இது வீட்டுக்குச் சரிப்படாது’ என்று இரண்டே நாளில் முடிவு கட்டிவிடுகிறோம். அந்த முடிவுக்கு இரண்டு நாள் போதவே போதாது. சில வாரங்கள், சில பூனைகளுக்குச் சில மாதங்கள் ஆகும்.

எந்தப் பூனை பழகும்?

பிறந்த 2ஆம் வாரத்திலிருந்து 7ஆம் வாரத்துக்குள் மனிதக் கை பட்டு வளர்ந்த குட்டிகள் பின்னாளில் மனிதரிடம் எளிதில் ஒட்டிக்கொள்கின்றன. அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஐலீன் கார்ஷ் 1980களில் நடத்திய ஆய்வுகள் இதைக் காட்டின. மனிதவாசனையே படாமல் வளர்ந்துவிட்ட பெரிய பூனையைச் சுவர்களுக்குள் அடைப்பது அதற்கு வதை. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, இருக்கும் இடத்திலேயே சோறு வைப்பதுதான் அதற்குச் செய்யும் உதவி. நம்மைக் கண்டதும் வாலைத் தூக்கிக்கொண்டு வந்து, தொடப் போனால் மட்டும் விலகுகிற பூனை வேறு வகை. அது உள்ளே வரலாம். முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

முழு வீடு வேண்டாம்

நமக்கு வீடு என்றால் இடம். பூனைக்கு அது வாசனைகளின் தொகுப்பு. பழகிய வாசனை ஒன்றுகூட இல்லாத மூன்று அறைகளில் அவிழ்த்துவிட்டால் அது மிரளும். ஆள் நடமாட்டம் குறைந்த ஓர் அறை போதும். அதில் ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, வாசல் வெட்டி வையுங்கள். காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில், ஒளியப் பெட்டி கிடைத்தவற்றின் பதற்றம் விரைவாகத் தணிந்ததாக நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வு 2014இல் கண்டது. ஆகவே ஒளிந்திருக்கும் பூனையை இழுக்காதீர்கள். ஒளிந்தபடிதான் அது உங்களைப் படிக்கிறது.

தண்ணீரும் சாப்பாடும் ஒரு மூலையில் என்றால், கழிப்பதற்கான மணல் தட்டு எதிர்மூலையில் இருக்கட்டும். இதற்கென்றே கடையில் விற்கும் ‘லிட்டர்’ மணல் தெருப்பூனைக்குப் புரியாது. முதலில் தோட்டத்து மண்ணையே நிரப்பி, பிறகு லிட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள்.

அருகில் உட்காருங்கள்

தினமும் ஒரே நேரத்தில் அந்த அறைத் தரையில் உட்கார்ந்து புத்தகம் படியுங்கள். உற்றுப் பார்க்க வேண்டாம். பார்வை சந்தித்தால் கண்ணை மெல்ல மூடித் திறங்கள். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020இல் வெளியிட்ட ஆய்வில், அப்படிச் செய்தவர்களை நோக்கிப் பூனைகளும் கண் சிமிட்டின. முன்பின் தெரியாதவர் அப்படிச் செய்தபோதும் நெருங்கி வந்தன. உங்கள் முன்னால் சாப்பிட்டு, உட்கார்ந்து உடம்பை நக்கிச் சுத்தம் செய்யத் தொடங்கினால் அடுத்த அறைக் கதவைத் திறக்கலாம்.

தயிர்சாதம் மட்டும் போட்டு வளர்க்க நினைக்காதீர்கள். டாரின் என்ற சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் கிடைக்கிறது. அது குறைந்தால் பூனையின் கண்ணும் இதயமும் பழுதாகும். வெங்காயம், பூண்டு, உப்பு சேர்க்காமல் வேகவைத்த கோழியோ மீனோ பூனை உணவோடு கொடுக்கலாம். பயத்தில் ஒருவேளை சாப்பிடாமல் இருப்பது சகஜம். ஆனால் முழுதாக ஒரு நாள் எதையும் தொடாவிட்டால் மருத்துவரிடம் பேசுங்கள். பட்டினி நீண்டால் பூனையின் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும்.

அந்தியிலும் விடியலிலும் வேட்டையாடும் பிராணி என்பதால், இரவில் அது கத்தத்தான் செய்யும். படுக்கப் போகுமுன் கயிற்றில் இறகு கட்டி இழுத்து, துரத்திப் பிடிக்க விட்டு, பிறகு சாப்பாடு வையுங்கள். வேட்டை முடிந்து வயிறும் நிறைந்தால் தூங்கும்.

பால்கனிக்கு வலை

மாடி வீடென்றால் வலை அடித்த பிறகே பூனையை உள்ளே கொண்டுவர வேண்டும். உயரத்திலிருந்து விழுந்து நியூயார்க்கின் ஒரே மருத்துவமனைக்கு ஐந்தே மாதங்களில் 132 பூனைகள் வந்ததாக, 1987இல் வெளியான மருத்துவ ஆய்வு பதிவு செய்திருக்கிறது. வலைக்குள்ளே ஜன்னலோரம் ஒரு பலகை போட்டுவிட்டால், இழந்த தெருவில் பாதியாவது அதற்குத் திரும்பக் கிடைக்கும்.

இத்தனையும் செய்தபின்னும் சில பூனைகள் மடியில் ஏறுவதில்லை. அறையின் மறுகோடியில் படுத்துக்கொண்டு, நாம் இருப்பதைப் பொறுத்துக்கொள்வதோடு சரி. தெருவில் பயந்தே வாழ்ந்த ஓர் உயிர் பயமில்லாமல் தூங்குகிறது என்றால், நாம் எடுத்த வேலை முடிந்தது. அதற்கு மேல் அது காட்டும் அன்பு அதன் விருப்பம். தொடவே விடாவிட்டாலும் கடைசிவரை வைத்துக்கொள்வோம் என்று சொல்லக்கூடியவர்கள்தான் இந்தப் பூனையை உள்ளே அழைக்க வேண்டும்.