குறை உண்டோ என ஐயுறும்போது ஆசிரியர் செய்யத்தக்கவை

வகுப்பில் கடைசி வரிசையில் அமரும் மாணவன் ஒருவன், பெயர் சொல்லி அழைத்தாலும் சில வேளைகளில் திரும்பிப் பார்ப்பதில்லை. சொல்வதெழுதுதலில் பிழைகள் மலிகின்றன. அவனைக் கவனமற்றவன் என்று தண்டித்தல் எளிது. ஆனால், காதில் சீழ் வடிவதால் அவனது செவிப்புலன் குன்றியிருக்கவும் கூடும். அது மருத்துவத்தால் சீர்ப்படத்தக்கது. காரணம் அறியப்படாமல் கழியும் ஒவ்வோர் ஆண்டும் அவன் மேலும் பின்தங்குவான்.

குறை இன்னதென்று முடிவு செய்வது ஆசிரியரின் பணியன்று. அது மருத்துவருக்கும் வல்லுநருக்கும் உரியது. நாள்தோறும் மாணவனைக் கண்டு குறித்து வைத்தலே ஆசிரியரின் பணியாகும். 'மந்தமானவன்' என்று எழுதுவதால் பயனில்லை. 'கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது எழுத்துகளை விடுகிறான். முன்வரிசையில் அமர்த்தினால் சரியாக எழுதுகிறான்' என்று தேதியிட்டு எழுதிய குறிப்பு, பரிசோதிப்பவருக்குப் பெரிதும் உதவும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் (2016) குறிப்பிடும் 21 வகைக் குறைபாடுகளையும் தழுவி, தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு 2022-இல் வெளியிட்ட 'பிரசஸ்த்' என்னும் வினாப்பட்டியலும் இதற்குத் துணைபுரியும்.

அடுத்து, பெற்றோரைத் தனியே அழைத்துப் பேசுதல் வேண்டும். நோயின் பெயரைக் கூறாமல், கண்டதை மட்டும் கூறி, வீட்டில் அவன் எவ்வாறு இருக்கிறான் என்று கேட்டறிவது நலம். பின்னர்த் தலைமையாசிரியர் வழியாக, ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தின் வட்டாரச் சிறப்புக் கல்வி ஆசிரியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கலாம். 2013-இல் தொடங்கப்பெற்ற தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு பள்ளிக்கு வரும்போது அம்மாணவனையும் குறிப்பையும் ஒருங்கே முன்வைத்தல் வேண்டும். மேற்பரிசோதனை தேவைப்படின் அக்குழு மாவட்ட இடையீட்டு மையத்திற்கு அனுப்பும். காதில் சீழ், வலிப்பு, திடீர்ப் பார்வைக் குறைவு ஆகியவற்றைக் கண்டால் குழுவின் வருகைக்குக் காத்திராமல், உடனே மருத்துவமனைக்கு அனுப்பச் செய்தல் வேண்டும்.

சட்டப்படி, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உண்டெனச் சான்று பெற்ற 6 முதல் 18 வயது வரையுள்ள சிறாருக்கு இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. எனினும், வகுப்பறை உதவிக்குச் சான்றிதழ் வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. முன்வரிசையில் இடமளித்தல், மாணவரை நோக்கி நின்று பேசுதல், எழுதக் கூடுதல் நேரம் அளித்தல் ஆகியன அன்றே செய்யத்தக்கவை.

பரிந்துரைச் சீட்டு எழுதியதோடு கடமை முடிவதில்லை. ஒரு நாட்கூலியை இழக்க இயலாமையால் பெற்றோர் மருத்துவமனைக்குச் செல்லாதிருக்கலாம். ஒரு மாதம் கழித்து மீண்டும் விசாரித்து, தடை யாதெனக் கண்டு, அதனையும் வட்டார அலுவலருக்குத் தெரிவிக்கும் ஆசிரியராலேயே அச்சிறுவனுக்கு உதவி வந்து சேரும்.