கொட்டகையிலும் கூடத்திலும் கண்ட படங்கள்

திரைப்படம் பார்க்கக் கொட்டகைக்குத்தான் செல்ல வேண்டும் என்ற நிலை மாறி நெடுநாளாயிற்று. வெளிவந்த சில வாரங்களிலேயே படம் நம் வீட்டுக் கூடத்திற்கு வந்துவிடுகிறது. சோறு வடிக்கும் நேரத்தில் நிறுத்தி வைக்கலாம். அலுப்புத் தட்டும் காட்சியைத் தள்ளிவிடலாம். வசதிதான். ஆயினும் ஒரே படம் பார்க்கும் இடத்தைப் பொறுத்து வேறுபட்டுப் போகிறது. கடந்த சில ஆண்டுகளில் நான் கண்ட நான்கு தமிழ்ப் படங்கள் இதை எனக்கு உணர்த்தின.

2024 ஆகஸ்டு 23ஆம் நாள் வெளிவந்த ‘கொட்டுக்காளி’யைக் கொட்டகையில் பார்த்தேன். பி. எஸ். வினோத்ராஜ் இயக்கிய இப்படத்தில் பின்னணி இசையே கிடையாது. வண்டியின் உறுமல், சேவலின் சிறகடிப்பு, மனிதரின் பேச்சு, இவ்வளவே. வேற்றுச் சாதி இளைஞனை விரும்பிய மீனாவுக்குப் பேய் பிடித்துவிட்டதாக முடிவு செய்து, அவளை ஆட்டோவில் ஏற்றிச் சாமியாடி ஒருவரிடம் அழைத்துச் செல்கின்றனர். அவளுக்கென்று பேசிவைத்த முறைமாமன் பாண்டி, தொண்டை கட்டிக் கழுத்தில் சுண்ணாம்பு பூசியவனாய் உடன் வருகிறான். பாண்டியாகச் சூரியும் மீனாவாக அன்னா பென்னும் நடித்துள்ளனர். மீனா ஏறத்தாழப் படம் முழுவதும் வாய் திறப்பதில்லை.

வீட்டிலாக இருந்திருந்தால் பத்தாவது நிமிடத்தில் வேறு படத்திற்குத் தாவியிருப்போம். கொட்டகையில் நடுவில் எழுந்து செல்லக் கூச்சமாக இருக்கிறது. அந்தக் கூச்சமே நன்மையாயிற்று. மீனாவின் மௌனத்தோடு நாமும் அமர்ந்தே தீர வேண்டியிருந்தது.

என்னை மிகவும் உறுத்தியது ஒன்றுண்டு. அந்த ஆட்டோவில் இருப்போர் கொடியவர்கள் அல்லர். அவளைப் பெற்றவர்களும் உற்றவர்களுமே. எல்லாம் அவள் நன்மைக்கே என்று மனமார நம்புகிறார்கள். எங்கிருந்தோ கேட்ட பாட்டை அவள் முணுமுணுத்த மாத்திரத்தில் பாண்டி அவளையும் உடனிருந்த பெண்களையும் அடித்துத் துவைக்கிறான். பின்னர் பயணம் தொடர்கிறது! வழியை மறித்து நின்ற காளையைக் கண்டு ஆண்கள் தயங்கி நிற்க, சிறுமி ஒருத்தி வந்து அதனை ஓட்டிச் செல்லும் இடத்தில் மட்டும் கொட்டகை சிரித்தது. முடிவு நமக்குச் சொல்லப்படவில்லை. “அவ்வளவுதானா?” என்று பின்வரிசையில் ஒருவர் உரக்கக் கேட்டார். வயதுவந்த பெண்களோடு வந்திருந்த குடும்பங்களோ பேச்சின்றிப் படியிறங்கின. வரன் தேடும்போது சாதியை முதல் வரியில் எழுதும் வீடுகள் நம்மிடையே இல்லையா, என்ன?

அதே நாளில் வெளிவந்த ‘வாழை’யை வீட்டில் பார்த்தோம். மாரி செல்வராஜ் தம் இளமைக்கால அனுபவத்திலிருந்து எடுத்த படம். வாழைத்தார் சுமக்கும் பள்ளிச் சிறுவனின் கதை. இறுதிப் பகுதியில் இயக்குநர் சற்று அடக்கியே சொல்லியிருக்கலாம். கண்ணீரை அவர் கேட்டுப் பெறத் தேவையில்லை, அது தானாகவே வந்துவிட்டது. மறுநாள் கடைத்தெருவில் தார் இறக்கிக்கொண்டிருந்த பையனை நிறுத்தி, என் மனைவி அவன் வயதைக் கேட்டாள்.

கூடத்தில் உட்கார்ந்து பார்ப்பதற்கென்றே பிறந்த படம் ‘மெய்யழகன்’. ச. பிரேம்குமார் இயக்கத்தில் 2024 செப்டம்பர் 27இல் வெளியாயிற்று. மிக நீளம் என்ற பேச்சு எழவே, ஏறத்தாழ 18 நிமிடக் காட்சிகளை வெளியான பின் வெட்டினார்கள். சொத்துத் தகராறில் தஞ்சாவூர்ப் பூர்வீக வீட்டை இழந்து, ஊரைவிட்டே போன அருள்மொழி (அரவிந்த் சாமி), 22 ஆண்டுகளுக்குப் பின் ஒரு திருமணத்திற்காகத் திரும்புகிறான். அங்கே உறவினன் ஒருவன் (கார்த்தி) அன்பைக் கொட்டுகிறான். அவன் பெயர் இவனுக்கு நினைவில்லை. கதை இவ்வளவே; மற்றதெல்லாம் விடிய விடியப் பேச்சு. பழம்பெருமை பேசும் இடங்கள் எனக்கும் மிகையாகவே பட்டன. ஆயினும் இரண்டு மாலைகளில், இடையில் காப்பி குடித்து, “இவன் நம் இன்னார் மகனைப் போலவே இல்லையா?” என்று பேசிக்கொண்டே பார்த்தபோது நீளம் தெரியவில்லை. பாகப்பிரிவினையில் பேச்சு நின்றுபோன உடன்பிறந்தார் எந்த ஊரில்தான் இல்லை? படம் முடிந்தபின் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வெகுநேரம் படுக்கச் செல்லவில்லை.

சிறுவர்களுக்கு எதைக் காட்டலாம் என்று கேட்பவர்களுக்கு, மணிகண்டன் இயக்கிய ‘கடைசி விவசாயி’யைச் சொல்வேன். 2022 பிப்ரவரியில் வெளிவந்தது. சிறந்த தமிழ்ப் படத்திற்கான தேசிய விருதும் பெற்றது. முதியவர் மாயாண்டியாக நடித்த நல்லாண்டி, வாழ்விலும் உழவரே. படம் வெளிவருமுன் காலமாகிவிட்டார். செத்துக் கிடந்த மயில்களைப் புதைத்ததற்காக, அவற்றைக் கொன்றார் என்று மாயாண்டியைச் சிறையில் அடைக்கின்றனர். வயலில் பயிர் வாடுமே என்ற கவலை தவிர அவருக்கு வேறு கவலை இல்லை. நீதிபதி, அவ்வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும்படி காவலர் ஒருவருக்கே உத்தரவிடுகிறார். முதல் அரைமணி நேரம் நெளிந்துகொண்டிருந்த என் பேரப்பிள்ளைகள், சீருடைக்காரர் வயலுக்கு நீர் பாய்ச்சும் அந்தக் காட்சியை மறுபடி போடச் சொல்லி மூன்று முறை பார்த்தார்கள்.