மலிவுச் சீட்டு

இலண்டனிலிருந்து பாரிஸ் மாநகர் வான்வழியே ஏறத்தாழ 340 கிலோமீற்றர். 1993இல் ஐரோப்பிய வான்பரப்பு போட்டிக்குத் திறக்கப்பட்டபின் இத்தகைய குறுந்தூரங்களுக்கு மலிவுச் சீட்டுகள் பெருகின. பாரிஸில் நோயுற்றிருந்த நண்பரைக் காண நானும் அவ்வாறு ஒன்றை வாங்கினேன்.

விமானம் புறப்பட்டது, இலண்டனுக்கு ஏறத்தாழ 50 கிலோமீற்றர் அப்பாலுள்ள லூட்டனிலிருந்து. அங்கு செல்லப் பேருந்துக் கட்டணம். பெட்டிக்குத் தனிக் கட்டணம். பாரிஸில் இறங்கி நகர் சேர இன்னொன்று. கூட்டிப் பார்த்தேன். 1994 முதல் கடலடிச் சுரங்கத்தினூடே, நகர் நடுவிலிருந்து நகர் நடுவுக்கு ஓடும் புகையிரதத்துக்கும் அவ்வளவே ஆகியிருக்கும்.

பறந்தது ஒரு மணி நேரந்தான். வீட்டிலிருந்து மருத்துவமனை சேர ஏழு மணி நேரமாயிற்று. பார்வையாளர் நேரம் முடிந்து கதவு சாத்தப்பட்டிருந்தது. மலிவுச் சீட்டு வாங்குவோர், வீட்டு வாயிலிலிருந்து சேருமிடம்வரை பணத்தையும் பொழுதையும் சேர்த்தே கணக்கிடுதல் வேண்டும்.